புனலூர் தொங்கு பாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் புனலூரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு போகும் தென்மாவட்டத்துக்காரர்களிலும் பலருக்கு அந்த வழிதான். பஸ்ஸில் தூங்கிவிட்டால் போச்சு. விழித்திருந்தால், ஊருக்குள் கான்கிரீட் பாலத்தை ஒட்டி, கோட்டை வாசல் மாதிரி கல் கோபுரங்களும் அவற்றுக்கு நடுவே தொங்கும் இரும்புச் சங்கிலிகளும் கண்ணில் படும். அதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

இந்தப் பாலம் எங்கே, எந்த ஆற்றின் மேல் இருக்கிறது?

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், புனலூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆறு கல்லடையாறு. குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கித் தென்மலைப் பக்கம் ஒன்றுசேர்ந்து கல்லடையாறாகி, கடைசியில் அஷ்டமுடிக் காயலில் கலக்கின்றன. ஊரின் பெயரைப் பாருங்கள்: புனல், ஊர். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் ஓடும் ஊர்.

தூக்குப்பாலமா, தொங்கு பாலமா?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும்தான் வரும். மலையாளத்தில் இதைத் ‘தூக்குபாலம்’ என்பார்கள். அங்கே ‘தூக்கு’ என்றால் தொங்கவிடுவது. வழிப்பலகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, பாம்பனில் கப்பல் வரும்போது திறக்குமே, அந்த மாதிரி இதுவும் திறக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. திறக்காது. பாம்பனில் இருப்பது நாம் சொல்லும் தூக்குப்பாலம். புனலூரில் இருப்பது சங்கிலியில் தொங்கும் பாலம். தமிழில் எழுதும்போது தொங்கு பாலம் என்று எழுதுவதுதான் சரி.

மரப்பாலம் என்கிறார்களே, பார்த்தால் இரும்பும் கல்லும்தானே தெரிகிறது?

இரண்டும் உண்மைதான். சுமையைத் தாங்குவது கல்லும் இரும்பும், காலை வைத்து நடப்பது மரத்தில். இரு கரையிலும் செதுக்கிய கல்லால் உயரமான கோபுரத் தூண்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றின் உச்சியின் மேல் பாலத்தின் இரு பக்கமும் கனத்த இரும்புச் சங்கிலிகள் போகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் 53 கண்ணிகள் என்பது உள்ளூரில் சொல்லும் கணக்கு. சங்கிலியிலிருந்து செங்குத்தாகக் கம்பிகள் இறங்குகின்றன, அந்தக் கம்பிகளில் பாலத்தின் தளம் தொங்குகிறது. அந்தத் தளம்தான் மரம். நீளம் சுமார் 400 அடி.

சங்கிலி என்றதும் ஊஞ்சல் சங்கிலி மாதிரி வளையம் வளையமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான தட்டைப் பட்டைகளின் முனையில் துளை போட்டு, ஊடே ஆணி செருகிக் கோத்தது. சைக்கிள் செயினைப் பெரிதாக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

யார் கட்டியது? எப்போது?

ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வரைந்து, கூடவே நின்று கட்டிமுடித்தார். 1870களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை 1877இல் முடிந்தது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா.

ஆறு வருஷம் என்பது இன்றைய கணக்கில் அதிகமாகத் தெரியலாம். ரயில் இல்லை, கிரேன் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் பல ஆள் சேர்ந்தால்தான் அசையும் கனம். போதாததற்கு வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் மலையடிவாரம்.

திவான் நாணுப்பிள்ளைதான் கட்டினார் என்று படித்தேனே?

பாலத்துக்கு அனுமதி கொடுத்தவர் என்று அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டுகளைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். 1872 வரை திவான், கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். 1872 முதல் 1877 வரை சேஷையா சாஸ்திரி. இவர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர், பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குப் போய் அங்கேயும் நல்ல பெயர் வாங்கியவர். நாணுப்பிள்ளை திவானானது 1877இல், பாலம் முடிந்த வருஷம். 1880 வரை பதவியில் இருந்தார்.

அப்படியானால் கல் அடுக்கி, சங்கிலி ஏற்றிய வருஷங்களில் பெரும்பாலும் திவான் நாற்காலியில் இருந்தவர் சேஷையா சாஸ்திரி. திறப்பு விழா நேரத்தில் யார் பதவியில் இருந்தாரோ அவர் பெயர் நிலைப்பது இன்று மட்டும் நடக்கிற விஷயமா என்ன? நாணுப்பிள்ளைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. திவானாவதற்கு முன்பே அவர் அந்த அரசாங்கத்தில் பெரிய அதிகாரிதான். ஒருவர் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

கேரளத்தையும் தமிழ்நாட்டையும் இணைக்கக் கட்டினார்கள் என்பது சரியா?

இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் சரி மாதிரி இருக்கும். பாலம் கட்டிய காலத்து வரைபடத்தை வைத்துப் பார்த்தால் பாதிதான் சரி.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மலைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் சமவெளியில், நெல்லும் தண்ணீரும் உள்ள ஒரு தாலுகா திருவிதாங்கூர் கையில் இருந்தது. தலைநகர் திருவனந்தபுரம், துறைமுகம் கொல்லம், நடுவே மலை. ஆக, ராஜா தன் நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வண்டிப் பாதை போட்டார், அந்தப் பாதையில் ஆறு குறுக்கிட்ட இடத்தில் பாலம் கட்டினார் என்பதுதான் சரியான கதை. செங்கோட்டையைத் தாண்டினால் தென்காசி. அது அப்போது சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. அங்கிருந்து வரும் சரக்கும் இதே வழியில் கொல்லத்துக்குப் போனது என்பதால் ‘இணைத்தது’ என்ற பேச்சிலும் தப்பில்லை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் வந்தபோதுதான் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. அந்தத் தாலுகாவையும் முழுசாகக் கொடுக்கவில்லை. கிழக்குப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது, ஆரியங்காவு உள்ளிட்ட மலைப் பகுதி கேரளத்தோடு நின்றது. செங்கோட்டை ஊர் எல்லையில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு ஒரு தோரண வாயில் இன்றும் நிற்கிறது. அதையும் புனலூர்ப் பாலத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஒரே ராஜ்யத்தின் இரண்டு மிச்சங்கள், நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

கோடு எங்கே போட்டாலும் பழக்கம் கோட்டைப் பார்ப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் பழைய பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு எழுதுவார்கள். ஆரியங்காவு சாஸ்தாவின் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக இன்றும் மதுரை சௌராஷ்டிரர்கள் போகிறார்கள். பாலம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆட்கள் அந்த வழியில் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். சக்கரம் வைத்த வண்டிக்குத்தான் பாலம் தேவைப்பட்டது.

ஆற்றுக்குள் தூண் நட்டு சாதாரணப் பாலம் கட்டியிருக்கலாமே?

கட்டியிருக்கலாம், தூண் நிற்க வேண்டுமே. கல்லடையாற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் வெள்ளம் வரும், ஐப்பசி மழையிலும் வரும். மலைக்காட்டிலிருந்து வருகிற ஆறு என்பதால் வெள்ளத்தில் வேரோடு பிடுங்கிய மரமும் சேர்ந்து வரும். நடு ஆற்றில் தூண் இருந்தால் அதில் மரம் மோதும், செத்தை அடைக்கும், அடியில் மண் அரிக்கும். தூணே இல்லாமல் கரைக்குக் கரை தொங்கவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது. அஸ்திவாரம் தோண்ட ஆற்றைத் தடுத்து நிறுத்தவும் வேண்டாம்.

பாலம் ஆடினால் காட்டு விலங்குகள் பயந்து திரும்பிவிடும், அதற்காகத்தான் தொங்கு பாலமாகக் கட்டினார்கள் என்கிறார்களே?

ஊரில் சொல்லும் கதைதான். அக்கரையில் அடர்ந்த காடு, இக்கரையில் ஊர். பாலம் போட்டால் காட்டு மிருகம் ஊருக்குள் வந்துவிடும், ஆடுகிற பாலமாக இருந்தால் காலை வைத்ததும் பயந்து திரும்பிவிடும் என்பது கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாட்டு வண்டிகளும் அதே பாலத்தில்தான் போயின. காட்டெருமையை விரட்டும் ஆட்டம் வண்டி மாட்டை மட்டும் எப்படி விட்டுவைத்தது? யானைக்கூட்டத்துக்குப் பாலமே வேண்டாம், வேனிலில் அது ஆற்றிலேயே இறங்கி அக்கரை ஏறிவிடும். ஆட்டம் தொங்கு பாலத்தின் குணம். அதைக் காரணமாக்கியது பின்னால் வந்தவர்களின் கற்பனை என்றுதான் எனக்குப் படுகிறது.

பொறியாளர் பாலத்துக்கு அடியில் படகில் நின்றுகொண்டு யானைகளை நடக்கவிட்டது உண்மையா?

எல்லோருக்கும் பிடித்த கதை இதுதான். பாலம் முடிந்ததும், இவ்வளவு பெரிய தளம் வெறும் சங்கிலியில் தொங்குகிறதே, ஏறினால் விழுந்துவிடாதா என்று ஜனங்கள் பயந்தார்களாம். அவர்கள் பயத்தைப் போக்க ஆல்பர்ட் ஹென்றி ஆறு யானைகளை வரிசையாகப் பாலத்தில் நடக்கவிட்டு, தான் குடும்பத்தோடு அடியில் படகில் போனாராம்.

புனலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உறுதியான பாலம் என்றால் இப்படி ஒரு கதை உலகத்தில் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்குப் போட்டால் கதையில் ஒன்றும் அசட்டுத்தனம் இல்லை. வளர்ந்த யானை ஒன்று மூன்று நான்கு டன் இருக்கும். ஆறு என்றால் சுமார் 20 டன். திருவிழாக் கூட்டம் 400 அடிக்கும் நெருக்கி நின்றால் கனம் அதைவிட அதிகமாகவே வரும். பாலம் அதற்குத் தாங்க வேண்டுமென்று கட்டியிருந்தால் யானைக்கும் தாங்கும். அந்த நாளில் இந்த ஊரில் பெரிய பாரம் என்று சோதித்துக் காட்ட யானையை விட்டால் வேறு என்ன இருந்தது? ஆனால் அதற்கடியில் பெண்டாட்டி பிள்ளையை உட்காரவைத்தார் என்பதைத்தான் கொஞ்சம் யோசித்து நம்ப வேண்டும்.

பாலம் ஆடுமா? ஆடினால் ஆபத்தா?

கொஞ்சம் அசையும். அசைவதற்கென்றே செய்தது. பாரம் ஒரு இடத்தில் ஏறும்போது சங்கிலி தன் வளைவைச் சற்று மாற்றிக்கொள்கிறது. சங்கிலி கோபுரத்தின் உச்சியோடு முடிந்துவிடுவதில்லை. மறுபுறம் இறங்கிக் கரை மண்ணுக்குள் போய், அங்கே ஆழத்தில் நங்கூரம் மாதிரி மாட்டியிருக்கிறது. இழுவையை எல்லாம் கடைசியில் பிடித்துக்கொள்வது அந்த மண்ணும் கல்லும்தான். கோபுரத்தின் வேலை பாரத்தை நேராகக் கீழே இறக்குவது.

ஆபத்து வருவது ஒரே தாளத்தில் ஆட்டினால். 1831இல் இங்கிலாந்தில் பிராட்டன் என்ற இடத்தில் ஒரு சங்கிலிப் பாலத்தின் மேல் சிப்பாய்கள் 74 பேர் அணிவகுத்து வந்தார்கள். பாலம் தங்கள் நடைக்கு ஏற்ப அசைவதைப் பார்த்து உற்சாகமாகி, இன்னும் அழுத்தமாகக் காலடி வைத்தார்கள். ஒரு முனையில் ஆணி முறிந்து பாலம் ஆற்றில் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு பாலம் வந்தால் தாளம் கலைத்து நடக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் உத்தரவே போட்டார்கள். அந்த வகையில் யானை நல்ல பிராணி. ஒன்றுக்கொன்று தாளம் சேர்க்காது.

குஜராத்தில் மோர்பி பாலம் அறுந்ததே, இதுவும் அதே வகையா?

அதுவும் 19ஆம் நூற்றாண்டுத் தொங்கு பாலம்தான். ஆனால் மோர்பியில் தொங்கியது முறுக்குக் கம்பி வடத்தில், புனலூரில் சங்கிலியில். 2022 அக்டோபர் 30 அன்று மோர்பியில் 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாள் ஆகியிருந்தது. விசாரணையில் வெளிவந்த இரண்டு விஷயங்களைப் பழைய பாலம் வைத்திருக்கும் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒரு வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன. வடத்துக்குள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியாது. இன்னொன்று, பழைய மரப்பலகைகளை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போட்டிருந்தார்கள். அதனால் தளத்தின் எடையும் விறைப்பும் கூடிப்போயின.

மரத்தை எடுத்துவிட்டுப் ‘பலமான’ ஒன்றைப் போட்டால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். தொங்கு பாலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. தளம் கனத்தால் அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுமப்பது நூறு வயதுக்கு மேலான இரும்பு.

அப்படியானால் புனலூரில் இருப்பது என்ன மரம்? அன்று போட்ட பலகையா?

கம்பகம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். வடக்கே இருக்கும் சால மரத்தின் குடும்பம். கனமான, கெட்டியான மரம். ஈரத்துக்கும் கறையானுக்கும் சுலபத்தில் மசியாது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் படகுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். ‘மலபார் இரும்பு மரம்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்ததே போதும், அதன் கெட்டித்தனம் தெரிய.

ஆனாலும் மரம் மரம்தான். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் பலகை வெடிக்கும், ஆணித் துளையில் தண்ணீர் இறங்கும், ஓரம் உளுக்கும். அவ்வப்போது பலகை மாற்றியிருக்கிறார்கள், பிற்காலப் பழுதுபார்ப்பிலும் கம்பகத்தையே தேடிப் பிடித்துப் போட்டார்கள். ஆகவே கல்லும் சங்கிலியும் ஆல்பர்ட் ஹென்றி காலத்தவை, காலடியில் இருப்பது நம் காலத்தது. இதில் ஏமாற்றம் அடைய ஒன்றுமில்லை. கூரைக்கு ஓடு மாற்றினால் வீடு புது வீடாகிவிடுமா? மழையை வாங்கிக்கொண்டு தேய்வதற்குத்தான் பலகை. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில் 1826இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய மெனாய் பாலமும் மரத்தளத்தோடு தொங்கிய சங்கிலிப் பாலம்தான். அங்கே 1893இல் மரத்தளம் போய் எஃகுத் தளம் வந்தது, கனத்த வண்டிகளுக்காக 1940 வாக்கில் இரும்புச் சங்கிலிகளையும் மாற்றிவிட்டார்கள். புனலூரில் பாரத்தைப் பக்கத்துப் பாலத்துக்குத் திருப்பிவிட்டதால் சங்கிலி தப்பித்தது.

இதில் லாரி, பஸ் எல்லாம் போனதா?

போனது. வண்டி போகும்படி கட்டிய தொங்கு பாலம் தென்னிந்தியாவில் இதுதான் முதல் என்பார்கள். மாட்டு வண்டிக்குக் கட்டியது மோட்டார் காலத்தையும் பார்த்தது. பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்த பிறகுதான் வண்டிகளிடமிருந்து இதற்கு விடுதலை.

ரயில் வந்ததும் பாலத்தின் மவுசு குறைந்துவிட்டதா?

கொல்லம், செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904இல் வந்தது. அதுவரை கால் நூற்றாண்டுக்கும் மேல், கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே சக்கரத்தில் உருண்ட சரக்கெல்லாம் இந்தச் சங்கிலிகளை நம்பித்தான் கல்லடையாற்றைக் கடந்தது. ரயில் வந்த பின் மொத்தச் சரக்கு அங்கே போயிருக்கும், சாலை சாலையாகவே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க 2010இல் மலைப்பாதை ரயிலை நிறுத்தி, முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷம் மறுபடியும் எல்லோருக்கும் சாலைதான் கதி.

பதிமூன்று கண் பாலம் என்பது இதுதானா?

இல்லை. அது கழுதுருட்டியில் இருக்கும் ரயில் பாலம், கல் வளைவுகளால் ஆனது. செங்கோட்டையிலிருந்து வந்தால் புனலூருக்கு முன்பே சாலையோரம் தெரியும்.

இப்போது பாலத்தின் மேல் போகலாமா?

வண்டிக்கு அனுமதி இல்லை, நடந்து போகலாம். 1990இல் கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். பழுதுபார்க்கும்போது மூடிவிடுவார்கள் என்பதால் போவதற்கு முன் ஊரில் விசாரித்துக்கொள்வது நல்லது. பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

போனால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நேராகப் பாலத்தில் ஏறாதீர்கள். பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் நின்று முழுசாகப் பாருங்கள். சங்கிலியின் வளைவு அங்கிருந்துதான் தெரியும், மேலே ஏறிவிட்டால் துண்டு துண்டாகத்தான் தெரியும். அப்புறம் கோபுரத்தின் உச்சியில் சங்கிலி உட்காரும் இடம். பிறகு கரைப்பக்கம் அது சரிந்து மண்ணுக்குள் போகும் இடம். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, எல்லோரும் கோபுர வாசலில் நின்று போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

கடைசியாகப் பலகையில் ஏறி, நடுவில் போய், கைப்பிடியைத் தொடாமல் சும்மா நில்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக மறுகரையிலிருந்து வரும் நேரமாக இருந்தால் நல்லது. அவர்கள் உங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர்களின் காலடி வந்து சேர்ந்துவிடும்.